சைக்கிள் வீரனும் சாட்சியமும்

போடிநாயக்கனூரிலும் அதனைச் சூழ்ந்த மலையடிவாரத்து ஊர்களிலும் 1970களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. எங்கிருந்தோ ஒருவன் ஒரு பழைய சைக்கிளுடன் ஊருக்கு வருவான். பொட்டலின் நடுவே ஒரு கம்பம் நட்டு, நாலு குழல் விளக்குகளைக் கட்டி, ஒலிபெருக்கி வைப்பான். ஏழு நாள் இரவும் பகலும் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் ஓட்டப்போவதாக அறிவிப்பான். சைக்கிளில் இருந்தபடியே உண்பான், குளிப்பான், சவரமும் செய்துகொள்வான். மாலையானால் கூட்டம் சேரும். மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும் கூலிப் பெண்கள் வீட்டுக்குப் போகும் வழியில் சற்று நின்று பார்ப்பார்கள். தாராள மனமுள்ளவர்கள் அவன் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள்.

மூன்றாம் நாள் ஊர் இரண்டுபடும். நள்ளிரவில் அவன் இறங்கித் தூங்குகிறான் என்பது ஒரு கட்சி. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வது மறு கட்சி. சோடாவில் ஏதோ மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் மனிதனால் முடியுமா என்று மூன்றாவதாக ஒரு பேச்சும் கிளம்பும். இதில் வேடிக்கை என்னவென்றால், இறங்கினான் என்றவரும் இறங்கவில்லை என்றவரும் இரவு பத்து மணிக்கெல்லாம் வீட்டில் பாய் விரித்துவிட்டவர்களே.

இந்த வழக்கு நம் பொட்டலில் பிறந்ததன்று. அதற்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. 1878ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஆறு நாள் தொடர் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பதால்தான் ஆறு நாள் என்ற கணக்கு. 1891இல் அது நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்குக்குச் சென்றது. தூக்கமின்றிச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் சித்தம் கலங்கிப் பிதற்றுவதைப் பார்க்கவும் மக்கள் காசு கொடுத்தார்கள். 1898இல் சட்டம் குறுக்கிட்டு, ஒருவர் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்று விதித்த பிறகே, இருவர் மாறி மாறி ஓட்டும் முறை வந்தது. அந்நாளில் ஓட்டிகளை விழித்திருக்கச் செய்ய காஃபீனும் கொக்கெயினும் கொடுக்கப்பட்டன. எட்டிக்கொட்டையின் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னைனைக்கூட மிகச் சிறு அளவில் புகட்டினார்கள். எட்டி மரத்தை ஆடுகூடக் கடிக்காது என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று இவையெல்லாம் குற்றமாகக் கருதப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டிக்கு மருந்து கொடுப்பது, வண்டிச் சக்கரத்துக்கு மை போடுவதுபோலத் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

1924ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில், முந்திய ஆண்டு வெற்றி பெற்ற ஹென்றி பெலிசியேயும் அவருடைய தம்பி பிரான்சிஸும் விதிகள் குறித்த சச்சரவில் பாதியிலேயே விலகினர். கூத்தான்ஸ் என்ற சிற்றூரின் உணவு விடுதியில் அவர்களைச் சந்தித்தார் ஆல்பெர் லோந்திரே என்ற செய்தியாளர். கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரோஃபாம், பிறகு இன்னின்ன மாத்திரைகள் என்று பையைத் திறந்து காட்டினார்கள். அந்தக் கட்டுரை பிரான்சை உலுக்கியது. விவரம் அறியாத செய்தியாளரிடம் சற்றுக் கூட்டியே சொன்னோம் என்று பிற்காலத்தில் பிரான்சிஸ் கூறியதுண்டு. அது எவ்வாறாயினும், உண்மையை முதலில் வாய்விட்டுச் சொன்னவர்கள் ஓட்டிகளே. கேட்க விரும்பாதவர்கள் ரசிகர்கள்.

ஏன் கேட்க விரும்பவில்லை? இதற்கு விடை நம் மலைப்பாதையில் இருக்கிறது. முந்தலைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பே முக்கி முனகித்தான் செல்லும். இளமையில் நாங்கள் வாடகைச் சைக்கிளை அதில் மூன்று வளைவு வரை தள்ளிக்கொண்டு போய், மிதிக்காமல் இறங்கி வருவதையே பெரிய வீரமாகக் கொண்டாடியிருக்கிறோம். அத்தகைய பாதையில், ஒரே நாளில் இரண்டு மூன்று மலைகளை மிதித்தே ஏறுகிறான் ஐரோப்பியப் பந்தய வீரன். கிரிக்கெட் ரசிகன் டிக்கெட் வாங்கி எங்கோ தொலைவில் அமர்ந்திருக்கிறான். சைக்கிள் ரசிகனோ காசின்றிச் சாலை ஓரத்தில் நிற்கிறான். ஏற்றத்தில் வண்டி மெல்லப் போகிறது. கையெட்டும் தூரத்தில் அந்த முகம் தெரிகிறது. வாய் பிளந்து, நரம்பு புடைத்து, உப்புப் பூத்த முகம். அந்த முகத்தைக் கண்டவன், இவன் ஏமாற்றுக்காரன் என்று பிறகு எவர் சொன்னாலும் நம்பமாட்டான். கண்ணால் கண்டவன் நான் என்பான். அவன் கண்டது மெய்தான். ஆனால் முகம் காட்டுவது வலியை மட்டுமே. அது மருந்தைக் காட்டாது. மருந்துண்டவனுக்கும் மலை மலைதான்.

1967 ஜூலை 13ஆம் நாள் மோன் வாந்தூ என்ற மொட்டை மலையின் ஏற்றத்தில், கடும் வெயிலில், டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் சைக்கிளிலிருந்து சரிந்தார். தூக்கி ஏற்றிவிட்டார்கள், சற்றுத் தொலைவு சென்று மீண்டும் சரிந்தார், இறந்தார். வயது 29. இரண்டாண்டுக்கு முன் உலக வாகையர் பட்டம் பெற்றவர். உடலில் ஆம்ஃபெட்டமைன் என்ற கிளர்ச்சி மருந்தும் மதுவும் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. ரசிகர்கள் பணம் திரட்டி, அவர் வீழ்ந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டினர். இன்றும் மலையேறும் சைக்கிள்காரர்கள் அங்கே இறங்கித் தம் தொப்பியையோ நீர்ப்புட்டியையோ வைத்துச் செல்கிறார்கள். மருந்தை அவர்கள் மறுக்கவில்லை, மனிதனை மறக்கவுமில்லை. ரசிகர் கூட்டங்களின் வரலாற்றில் இது எனக்குப் பிடித்த பக்கம்.

பிற பக்கங்கள் அவ்வளவு அழகானவையல்ல. 1969இல் இத்தாலியப் பந்தயத்தில் முன்னணியில் இருந்த பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், சவோனா நகரில் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்டார். பெல்ஜியம் கொதித்தது. இது சதி என்றார்கள். ஐயத்தின் பலனை அவருக்கு அளித்துத் தடையும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு பிரெஞ்சுப் பந்தயத்தை அவர் பெரும் இடைவெளியில் வென்றார். தம்மீது தவறில்லை என்றே அவர் சொல்லிவந்தார். வழக்கு இன்னும் அவரவர் மனத்தில் அவரவருக்கு உவப்பான தீர்ப்புடன் நிற்கிறது.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதையை நம் பிள்ளைகளும் அறிவார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை பிரெஞ்சுப் பந்தயத்தை வென்றவர். 2004 முதல் அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் வளையங்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றன. நோயாளிகள் அதை அணிந்து ஆறுதல் பெற்றார்கள். எனவே அவரை ஐயுறுவது நோயாளியின் நம்பிக்கையைப் பறிப்பதுபோல் ஆயிற்று. எம்மா ஓரைலி என்ற பெண், அவருடைய அணியில் உடல் பிடித்துவிடும் பணி செய்தவர், தாம் கண்டதைச் சொன்னார். வீரர் அவர்மீது வழக்குத் தொடர்ந்தார். அவருடைய பெயரையும் இழிவுபடுத்தினார். ரசிகர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, 15 ஓட்டிகள் உட்பட 26 பேரின் சத்திய வாக்குமூலங்களுடன் அறிக்கை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணைத் தூற்றியதையும் ஒப்புக்கொண்டார். ஆயின் அத்தனை ஆண்டும் தூற்றிய கூட்டம் எங்கே போயிற்று? கூட்டத்திற்கு முகவரி கிடையாது. மன்னிப்புக் கேட்கும் கடமையும் அதற்கு இருப்பதில்லை.

ஸ்பெயின் நாட்டு ஆல்பெர்த்தோ கொன்தாதோரின் மாதிரியில் 2010இல் கிளென்புட்டரால் மிகமிகச் சிறு அளவில் தென்பட்டது. இறைச்சியால் வந்தது என்றார் அவர். ஸ்பெயினின் பிரதமரே அவருக்குச் சாதகமாகக் கருத்துரைக்க, உள்நாட்டுச் சம்மேளனம் அவரை விடுவித்தது. 2012 பிப்ரவரியில் விளையாட்டுக்கான பன்னாட்டு நடுவர் மன்றம் அதை மாற்றி, இரண்டாண்டுத் தடை விதித்துப் பட்டத்தைப் பறித்தது. இதற்கு நேர்மாறு ஆங்கிலேயர் கிறிஸ் புரூம். 2017இல் அவருடைய மாதிரியில் ஆஸ்துமா மருந்தொன்று அனுமதித்த அளவின் இருமடங்காகத் தோன்றியது. ஆய்வுக்குப் பின் 2018 ஜூலையில் குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டார். விடுவித்த சில வாரங்களில் பிரெஞ்சு மலைப்பாதைகளில் மக்கள் அவர்மீது எச்சில் உமிழ்ந்தார்கள். நேசித்தவனுக்குத் தீர்ப்பு வந்தாலும் நம்பமாட்டோம். நேசிக்காதவனுக்கு விடுதலை வந்தாலும் நம்பமாட்டோம் என்பதே கூட்டத்தின் நீதி நூல்.

மாதிரி என்ற சொல் நம்மூருக்குப் புதிதன்று. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தில் வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரியைக் கையில் கொட்டிப் பார்த்தே விலை சொல்கிறார்கள். யாருடைய தோட்டம், எவ்வளவு நல்ல மனிதர் என்று அங்கே பேச்சில்லை. காயின் பருமனும் நிறமும் எடையும் பேசும். விளையாட்டிலும் அதே முறைதான். வீரரின் சிறுநீர் இரண்டு புட்டிகளில் முத்திரையிடப்படுகிறது. முதற்புட்டியில் குற்றம் தெரிந்தால் இரண்டாம் புட்டியைத் திறக்கக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு. புட்டியின்மேல் எண் இருக்கும்; பெயர் இராது.

ஆனால் மாதிரியின் தீர்ப்பும் சில வேளை நேரம் கடந்தே முழுமை பெறுகிறது என்பதை ஏலமலை அறியும். சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் வரம்பைக் கடந்திருப்பதாகச் சோதனை கூற, 2023 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. அதற்குள் பாயசம் பழசாகிவிட்டது.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். சைக்கிள் வீரர் இல்லாவிட்டாலும், இதே வழக்கில் நின்ற ஓட்டக்காரப் பெண் உண்டு. திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்து உழவர் வீட்டில் பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22ஆம் நாள் கத்தார் நாட்டுத் தோஹா நகரில், ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். வறுமையில் வளர்ந்த பெண், வயது முப்பதில் அடைந்த வெற்றி. தமிழகம் தன் வீட்டுப் பெண்ணாக வாரி அணைத்துக்கொண்டது. அரசியல் கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு நிதி வழங்கின. திரை நடிகர்கள் வழங்கினார்கள். ஒரு மாதம் கழியுமுன், தடை செய்யப்பட்ட நாண்ட்ரலோன் வகைப் பொருளின் தடயம் அவருடைய மாதிரியில் இருந்ததாகச் செய்தி வந்தது. அறிந்து எதையும் உட்கொண்டதில்லை என்றார் அவர். ஏழைப் பெண்ணைக் கவிழ்க்க வடக்கே நடந்த சதி என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டோம். நானும் பேசியவன்தான். 2020இல் பன்னாட்டுத் தடகள ஒழுங்கு அமைப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளின் அடிப்படையில், 2019 மே 17 முதல் நான்கு ஆண்டுத் தடை விதித்தது. தங்கம் திரும்பப் பெறப்பட்டது.

நாம் அவ்வாறு பேசியதற்கு ஒரு காரணமும் உண்டு. அதே தோஹா நகரில், அதே 800 மீட்டர் ஓட்டத்தில், 2006ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் எந்த மருந்தையும் உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. இறைவன் படைத்த உடலோடு ஓடினார். அதற்காக உலகின் முன் அவமானப்படுத்தப்பட்டார். தமிழக அரசு அன்று அவருக்கு 15 லட்ச ரூபாய் அளித்தது. அது நியாயத்தின் பக்கம் நின்ற ஆதரவு. அந்தக் காயத்தின் நினைவே பதின்மூன்று ஆண்டு கழித்துக் கோமதியின் வழக்கிலும் நம் நாவில் பேசியது. இரண்டும் ஒரே வழக்கென்று மயங்கிவிட்டோம். ஒன்றில் குற்றமே இல்லை. மற்றொன்றில் புட்டி ஏதோ சொன்னது, விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது.

அந்தத் தேநீர்க் கடைப் பேச்சில் ஒரு பெயர் ஒருமுறைகூட வரவில்லை: வாங் சுன்யூ. தோஹாவில் 2 நிமிடம் 2.96 விநாடியில் ஓடி இரண்டாவதாக வந்த சீனப் பெண். கால் விநாடிக்குச் சற்றே மிகுந்த இடைவெளி. தங்கம் பிறகு அவருக்குச் சேர்ந்தது. ஆனால் மேடையேறி நின்று தன் நாட்டுக் கீதம் கேட்கும் அந்த நிமிடம் போனது போனதுதான். அவருக்கும் ஓர் ஊர் இருக்கும். அங்கேயும் ஒரு தேநீர்க் கடை இருக்கும்.

இத்தகைய நெருக்கடிகளில் எப்படி நிற்பது என்பதற்கு நம் வரலாற்றில் முன்மாதிரிகள் நிரம்ப உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, மதீனா நகரம் ஒரு மாத காலம் அந்தப் பேச்சில் அல்லலுற்றது. அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களும் அவர்தம் துணைவியாரும் தங்கள் இல்லத்தில் இருந்தபடியே அதை நம்ப மறுத்துவிட்டார்கள். சான்றில்லாத இடத்தில் நல்லெண்ணமே கடமை. ஆனால் சான்று வந்த இடத்தில்? ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு, மக்கா வெற்றியின்போது, மக்ஸூம் குலத்து உயர்குடிப் பெண் ஒருத்தி களவில் பிடிபட்டாள். குலத்தார் கலங்கி, அண்ணலாரின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்துரைக்க அனுப்பினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறியது. தம் அருமை மகளே ஆயினும் இந்த நீதி மாறாது என்ற கருத்துப்பட உரைத்தார்கள். உஸாமா வருந்தி மன்னிப்புக் கோரினார். இன்றைய மொழியில் சொன்னால், மக்ஸூம் குலத்தார் ரசிகர் கூட்டம்; உஸாமா அவர்கள் அனுப்பிய தூதர்.

இதனோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறே சொன்னவராவோம். அப்துல்லாஹ் என்னும் பெயருடைய ஒரு தோழர் இருந்தார். நகைச்சுவையாளர், அண்ணலாரைச் சிரிக்க வைப்பவர். மது அருந்திய குற்றத்துக்காக ஒருமுறைக்கு மேல் தண்டிக்கப்பட்டவர். அப்படி ஒருமுறை தண்டனை நிறைவேறிய பின், கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவனையும் அவன் தூதரையும் நேசிப்பவர் அவர் என்று சான்றும் பகர்ந்தார்கள். தண்டனை நிறுத்தப்படவில்லை, நேசமும் நிறுத்தப்படவில்லை. சிம்ப்சனின் கல்லருகே தொப்பி வைக்கும் அந்த அயல்நாட்டு மலைவாசிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த ஒழுங்கை ஒரு கல்வித் துறையாகவே வளர்த்தார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோடும் துறை அது. இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (இறப்பு ஹிஜ்ரி 234) அவர்களிடம், அறிவிப்பாளராகிய அவருடைய தந்தையைப் பற்றியே கேட்டார்கள். வேறு எவரிடமேனும் கேளுங்கள் என்று தயங்கினார். விடாமல் கேட்டபோது, இது மார்க்கம் பற்றிய விஷயம் என்பதால், தம் தந்தை பலவீனமான அறிவிப்பாளரே என்று சொன்னார். தந்தையின்மீது அவர் கொண்ட மரியாதை அதனால் குறைந்ததாக எவரும் எழுதவில்லை.

கோமதியின் தடைக்காலம் 2023 மே மாதத்துடன் முடிந்தது. வென்ற நாளில் மாலையுடன் ஓடியவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரிந்திருந்தது?

மீண்டும் அந்தப் பொட்டலுக்கு. எங்கள் தெருவில், ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் ராவுத்தர் ஒருவர் இருந்தார். இரு கட்சிப் பிள்ளைகளும் கைகலக்கும் நிலைக்கு வந்ததைக் கண்டு, ஐந்தாம் நாள் இரவு இஷாத் தொழுகை முடித்து, ஒரு போர்வையுடன் பொட்டலில் போய் உட்கார்ந்தார். மலைக்காற்று குளிரக் குளிர வீசும் மார்கழி மாதம். ஸுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வந்தவரை நாங்கள் வாசலிலேயே சூழ்ந்துகொண்டோம். "என்ன மாமு, இறங்கினானா இல்லையா?" என்று இரு கட்சியும் ஒரே குரலில் கேட்டது.

"முழிச்சிருந்த மட்டும் இறங்கலை" என்றார் அவர். "ரெண்டு மணிக்கு மேலே கொஞ்ச நேரம் கண் அசந்துட்டேன். அந்த நேரத்துக்கு என்கிட்டே சாட்சி இல்லை." சொல்லிவிட்டு ஒளுச் செய்யப் போய்விட்டார்.